அரிப்புக்கு மருந்து கேட்டேன், ஒழுக்கத்துக்குச் சான்றிதழ் கேட்கவில்லை

நான் சிறுசேரியில் வேலை பார்ப்பவள். நானும் என் காதலனும் ஆணுறை இல்லாமல் ஒருநாளும் சேர்ந்ததில்லை. அப்படியும் போன வருடம் ஒருமுறை சேர்ந்த மறுநாளே எனக்கு அரிப்பும் எரிச்சலும் தொடங்கின. பால்வினை நோயோ என்று பயந்து, சேலையூரில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன்.

"கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

"இல்ல டாக்டர். ஆனா காண்டம் யூஸ் பண்ணோம்."

பேனாவை மூடி வைத்துவிட்டார். "வீட்ல தெரியுமா? இப்படி அலைஞ்சா வியாதி வராம என்ன பண்ணும்?"

என்னைப் பரிசோதிக்கவே இல்லை. ஆனால் அது வியாதிதான் என்று நான் நம்பிவிட்டேன். வாசலிலேயே நின்று அவனுக்கு போன் செய்து, "எவகிட்டடா போன?" என்று கத்தினேன். அவன் அழுதே விட்டான்.

ஐந்தாம் நாள் எரிச்சல் தாங்காமல் தாம்பரத்தில் அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் பரிசோதித்துவிட்டு, "பலூன் ஊதினா உதடு தடிக்குமாம்மா?" என்றார்.

சின்ன வயதிலிருந்தே தடிக்கும்.

"ரப்பர் அலர்ஜி மாதிரிதான் தெரியுது. இத்தனை நாள் ஒண்ணும் ஆகலன்னாலும் போகப்போக அதிகமாகலாம். எதுக்கும் டெஸ்ட் எடுத்துடலாம். ரப்பர் இல்லாத காண்டமும் கிடைக்குது, இனிமே அத வாங்குங்க."

டெஸ்ட்டில் நோய் எதுவும் இல்லை. களிம்பு போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பேசுகிறான், ஆனால் பழைய மாதிரி இல்லை.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்ட நேரத்தில் அந்த முதல் டாக்டர் பலூனைப் பற்றிக் கேட்டிருக்கலாம். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் சொன்னதை நம்பி, மூன்று வருடமாகத் தெரிந்தவனைச் சந்தேகப்பட்டவள் நான்தான்.