அவனுக்கும் ஒரு பொட்டு

தம்பி மேலூர் சாலையில் பைக்கோடு விழுந்து இறந்தபின், அவன் குரல் என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. புது மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க அவனே பேசிப் பதிந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு. அண்ணே, கேக்குதா?" அவ்வளவுதான். நாகமலை புதுக்கோட்டை வீட்டில் மாணவர்களின் ஆய்வேடுகளை டைப் செய்து பிழைத்துக்கொண்டிருந்த நான், தினமும் வேலை தொடங்குமுன் அதை ஒருமுறை ஓடவிடுவேன். சமையலறையிலிருந்து அம்மா, "கேக்குதுய்யா" என்பாள். முதல் தடவை முதுகு சில்லிட்டது. பிறகு அந்தப் பதில் வரத் தாமதமானால்தான் பயமாக இருந்தது.

ஒரு நாள் ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று தட்ட ஆரம்பித்தது. உள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி, நின்று நின்று. கோரிப்பாளையத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் பாயிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். எல்லாவற்றையும் மீட்டுவிடலாம், ஆனால் இனி இரண்டு டிஸ்க் போடுங்கள் என்றார். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் இடம் தாராளம், ஆனால் ஒன்று போனால் அத்தனையும் போகும். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதிகிற மாதிரி போட்டால் இடம் பாதிதான், ஆனால் ஒன்று செத்தாலும் இன்னொன்று பேசும். நான் யோசிக்கவே இல்லை. இரண்டாவதைக் கேட்டேன்.

எதற்கும் ஒரு சிடியில் ஏற்றி வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள் என்றும் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன், செய்யவில்லை. அவனை இன்னொருவர் வீட்டில் விட்டுவைக்க எனக்கு மனசில்லை.

ஆயுதபூஜை வந்தது. மானிட்டருக்கும் கீபோர்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்தபோது அம்மா அருகில் வந்து நின்றாள்.

"அவன் எதுக்குள்ளய்யா இருக்கான்?"

பெட்டியைத் திறந்து, இரண்டு டிஸ்க்கையும் கழற்றிக் காட்டினேன்.

"அப்ப அவனுக்கும் ஒரு பொட்டு வையி."

டிஸ்க்கின் மேல் சின்னதாக ஒரு துளை. பக்கத்திலேயே, மூடக் கூடாது என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை. ஊரார் ஆய்வேட்டிலெல்லாம் பிழை பார்க்கிற நான் அதை வாசித்தேன். வாசித்துவிட்டு, பொட்டு வைக்க வாகாக இருக்கிறதே என்று குழைத்த சந்தனத்தை அதன் மேலேயே அப்பினேன். ஒன்றுக்கு வைத்து மற்றதை விடலாமா? இரண்டுக்கும் வைத்தேன். படித்த முட்டாள் என்றால் நான்தான்.

சில நாளில் ஒன்று நின்றுபோனது. இன்னொன்று இருக்கிறதே என்ற தெம்பில் கையில் இருந்த வேலையை முடிக்க உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வாரம் அந்த மற்றதும், "மூணு. அண்ணே" என்றதோடு நின்றது. அதன் பிறகு டக் டக் மட்டும்தான்.

பாய் காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார்.

"இது மூச்சு விடுற ஓட்டைண்ணே. ரெண்டுக்குமா வச்சீங்க? இனி எதையும் மீட்க முடியாதே."

அங்கேயே அழுதேன்.

அம்மாவிடம் சொல்லத் தைரியம் இல்லை. புது டிஸ்க் போட்டுக்கொண்டேன். தூக்கிப்போட மனம் வராமல், செத்ததில் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்த ஒன்றுக்கும் கரண்ட் வயரை மட்டும் கொடுத்து உள்ளேயே வைக்கச் சொன்னேன். பாய் ஏனென்று கேட்கவில்லை.

மறுநாள் காலை சுவிட்சைப் போட்டேன். டக், டக், டக். கொஞ்சம் விட்டு, மறுபடியும்.

சமையலறையிலிருந்து அம்மா சொன்னாள், "கேக்குதுய்யா."