பச்சை வரும் என்றது கணக்கு

என் வேலையில் கை அழுக்காகாது. ஸ்ட்ரான்சியமும் அலுமினியமும் சேர்ந்த ஆக்சைடு பொடியில் துளி யூரோப்பியம் கலந்தால் அது என்ன நிறத்தில் ஒளிரும் என்று, பொடியைச் செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வேன். வருடக்கணக்காக உட்கார்ந்து எழுதிய கணக்கு பச்சை என்றது. ஆய்வுக்கூடத்தில் சுட்டு எடுத்த பொடியோ ஊதா விளக்கடியில் சிவப்பாக ஒளிர்ந்தது.

பேராசிரியர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கோபம். கட்டுரையிலிருந்து கணக்குப் பகுதியை எடுத்துவிடலாம் என்று காப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னார். அது போனால் என் ஆய்வேட்டில் மிஞ்சுவது அட்டை மட்டும்தான். ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். கொடுத்தார்.

அந்தச் சிவப்பை அளந்த படத்தை மறுபடி பார்த்தேன். ஊசி ஊசியாகக் கோடுகள். யூரோப்பியம் இரண்டு எலக்ட்ரானை இழந்திருந்தால் அகலமாகப் பச்சை தரும். மூன்றை இழந்திருந்தால்தான் இப்படி ஒல்லிக் கோடுகளாகச் சிவக்கும். நான் கணக்குப் போட்டது முதல் ஆளுக்கு. பொடியில் வந்து உட்கார்ந்திருந்தது இரண்டாம் ஆள். அந்த மூன்றாவது எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்கத்தான் உலைக்குள் ஹைட்ரஜன் கலந்த வாயுவை விடுகிறோம். வாயு பொடியைத் தொடவே இல்லை என்று அடித்துச் சொன்னேன்.

பொடி சுடுபவர் என்னைவிட மூத்த ஆய்வாளர். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடை வைத்திருக்கும் குடும்பம்.

"தங்கச்சி, வால்வைத் தொறந்ததே நான்தான் லா. கேஸ் நல்லாத்தான் போச்சு" என்றார்.

"உலைக்குள்ள போச்சுண்ணே. பொடிக்குள்ள போச்சா? அன்னைக்கு எப்படி வச்சீங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்க."

செய்து காட்டினார். கிண்ணத்தில் பொடியைக் கொட்டித் தட்டிச் சமப்படுத்தினார். கச்சிதமாக ஒரு மூடியைப் போட்டார். அது நகராமலிருக்க மேலே ஒரு பீங்கான் துண்டையும் வைத்தார். பிறகு தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். குழம்புச் சட்டியைத் திறந்துபோட்டால் திட்டு விழும் என்று கடையில் வளர்ந்த கை அது. எனக்குச் சிரிப்பும் வந்தது, போன உயிரும் வந்தது.

மூடி இல்லாமல் மறுபடி சுட்டோம். விளக்கைக் காட்டியதும் பச்சை. அளந்த வளைவை என் வளைவின் மேல் வைத்துப் பார்த்தேன், ஏறக்குறைய ஒட்டிக்கொண்டது. ஏறக்குறையதான். மிச்சத்தையும் சரிசெய்துவிடுவேன்.

"கடைப் பக்கம் வந்தா இதச் சொல்லிடாத தங்கச்சி" என்றார் அவர். "மூடாம வச்சுத்தான் நல்லா வந்துச்சுன்னு தெரிஞ்சா எங்க அத்தா என்னையச் சட்டி பக்கமே விடமாட்டாரு."

கணக்குப் பகுதி கட்டுரையின் முன்பக்கத்துக்கே போனது. அடுத்த திங்கட்கிழமை பேராசிரியர் வழக்கம்போலப் பொடி டப்பாக்கள் இருக்கும் அலமாரிக்குப் போகவில்லை. நேராக என் மேசைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்து எதைச் சுடலாம் என்று என்னைக் கேட்டார்.