ஒட்டுத்தாள் சொன்னதும் தெர்யோ சொன்னதும்

எங்கள் தெருவில் புதுப் பொருளின் ஒட்டுத்தாளை யாரும் உரிப்பதில்லை. மின்விசிறி துருப்பிடித்து நின்றாலும் அதன் ஒட்டுத்தாள் அப்படியே இருக்கும். தெர்யோவின் மடிக்கணினியிலும் ஒன்று இருந்தது. அடுத்து வரப்போகும் புது இயங்குதளத்துக்கு இந்தக் கணினி ஏற்றது என்று வெள்ளி எழுத்தில் சொன்னது.

தெர்யோ பிலிப்பைன்ஸில் எங்கள் இலோய்லோ நகரத்தில், பயணிகள் ஏறும் நீள ஜீப்பான ஜீப்னி ஓட்டியவன். வண்டி நகரும்போது யாரையும் ஏறவிடமாட்டான். பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் கிழவிகள் உட்கார்ந்த பிறகுதான் கியர் போடுவான். பிள்ளைகள் இல்லை. மனைவி மெதிங் ஹாங்காங்கில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். அவள் அங்கே இருந்தபோது இங்கே தெர்யோவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துக்கொண்டது, வாயும் கோணியது. தலைசுற்றி விழுந்ததாகவும் சரியாகிவிட்டதாகவும் மட்டும் அவளிடம் சொல்லிவைத்தான். பேச்சுக் குழறலுக்குப் பல்செட்டைக் காரணம் காட்டினான்.

முதியோர் பராமரிப்புப் படித்து வெளியூரில் வேலை பார்த்துத் திரும்பியவள் நான். காலையில் போய் அவனுக்கு முகம் மழித்து, கைக்கும் காலுக்கும் பயிற்சி கொடுப்பேன். எங்கள் ஊரில் அக்காவை மனாங் என்றும் அண்ணனை நோங் என்றும் கூப்பிடுவோம்.

"அவகிட்டச் சொல்லிடு" என்றேன் ஒருநாள்.

"சொன்னா அடுத்த விமானத்துல வந்து நிப்பா, மனாங். ஒப்பந்தத்தைப் பாதியில விட்டவளுக்கு மறுபடி யாரு வேலை குடுப்பா?"

அவன் முகம், அவன் மனைவி. நான் அதோடு விட்டுவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முன் அவள் அனுப்பிய பெட்டி வந்தது. துண்டுகளுக்கும் இறைச்சி டின்களுக்கும் நடுவே அந்தக் கணினி இருந்தது. ஞாயிறுதோறும் முகம் பார்த்துப் பேசலாம் என்பது மெதிங்கின் ஆசை. புது இயங்குதளம் வரட்டும், அதற்காகத்தானே இதை வாங்கினாய் என்று தெர்யோ தள்ளிப்போட்டான். பிப்ரவரியில் மெதிங் அதன் வட்டையும் வாங்கி, ஊருக்கு வந்த ஒருத்தியிடம் கொடுத்தனுப்பிவிட்டாள்.

மூலைக்கடையில் இணைய நிலையம் வைத்திருந்த ஒனிங் வந்து அதைப் போட்டுக்கொடுத்தான். கணினி விழிப்பதற்குள் நான் அரிசிக் கஞ்சி வைத்து இறக்கிவிட்டேன். உள்ளே விசிறி இரைந்தது. கேமராவைத் திறந்தால் படம் உறைந்தது, குரல் கிணற்றிலிருந்து வந்தது.

"இதுல ஏற்றதுன்னு போட்டிருக்கே?" என்றேன்.

"ஓடும்னுதான் போட்டிருக்கான் மனாங், எப்படி ஓடும்னு போடலையே" என்றான் ஒனிங். "விளம்பரத்துல காட்டுற அழகெல்லாம் இதுல வராது. அந்தப் புதுசுல இருக்கிறதுலயே மட்டமான வகை மட்டும் தவழும். நோங் தெர்யோவோட ஜீப்னிகூடத்தான் புகாரி மலை ஏறும். ஆளுங்க இறங்கித் தள்ளணும்."

"என் வண்டியப் பேசாதடா. அது தானா ஏறும்."

"இறங்கும்போதா?"

சிரித்தாலும் தெர்யோவின் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன். அவனுக்கு நிம்மதி. மெதிங் தொலைபேசியில் கேட்டபோது, "அருமையான சாமான், இந்தாய். இங்க லைன்தான் சரியில்ல, படம் வரல" என்றான். இந்தாய் என்றுதான் மனைவியைக் கொஞ்சுவான்; அவளுக்கு அவன் பாங். அன்பளிப்பில் குறை சொல்வது எங்கள் பக்கம் கன்னத்தில் அறைவது மாதிரி. அதனால் பழி லைன்மேல் போயிற்று, அவளும் அதற்குமேல் கேட்கவில்லை.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை நான் அவன் வலக்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஃபோன் ஒலிபெருக்கியில் இருந்தது.

"பாங், உன் கணினிக்கு இங்க நல்ல பேரு" என்றாள் மெதிங். "நீ அருமைன்னு சொன்னத எல்லார்கிட்டயும் சொன்னேன். ஞாயித்துக்கிழமை மூணு பேரை அதே கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். நம்மூர் ஹாரோ பக்கத்து சோலி இருக்காளே, மகளுக்கு வாங்குறா. நர்சிங் சேருது அந்தப் பொண்ணு. ஒரு வருஷமா சேத்துவச்சது."

 என் கைக்குள் அவன் விரல்கள் ஈரமாயின. நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"பாங்? இருக்கியா?"

"வாங்க வேணாம்னு சொல்லு."

"என்ன?"

"ஒட்டியிருக்கிறது ஒண்ணு, ஓடுறது ஒண்ணு. புதுசைப் போட்டதுலருந்து படுத்தே கிடக்கு. லைன்ல ஒரு கோளாறும் இல்ல."

"அப்ப இத்தனை நாளா அருமை அருமைன்னு எதைச் சொன்ன?"

"உன்னைத்தான்."

"ஐஸ் வைக்காத. ஒனிங்கக் கூப்பிட்டுப் பழசையே போடச் சொல்லு. ஞாயித்துக்கிழமை உன் முகத்தைப் பாக்கணும்."

அவள் வைத்துவிட்டாள். "முடிஞ்சுது மனாங்" என்றான் தெர்யோ. "நிமிந்து உக்காரு" என்றேன்.

பழைய இயங்குதளத்தில் அந்தக் கணினி சொன்னபடி கேட்டது. ஞாயிறு காலை அவனுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். வலது கன்னம் தெரியாதபடி பக்கவாட்டில் உட்காரப் பார்த்தான். நாற்காலியை நேரே திருப்பி வைத்தேன்.

மெதிங் திரையில் வந்தாள். ஹாங்காங் நடைபாதையில், விடுமுறை நாளில் வீட்டுவேலைப் பெண்கள் கூடும் இடத்தில், விரித்த அட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் தோழிகளின் சிரிப்பு. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"பல்லைக் காட்டு பாங்."

காட்டினான். உதடு ஒரு பக்கம்தான் போனது.

"ரெண்டு கையையும் தூக்கு."

இடது கை போயிற்று. வலது கை நெஞ்சுவரை வந்து நின்றது. அவளும் இதே வேலை பார்ப்பவள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தோளில் போட்டிருந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"மனாங், சாப்பாடு எந்தக் கையில?"

"இடதுல."

"நாளையிலருந்து வலதுல குடுங்க."

"கொட்டும், இந்தாய்" என்றான் தெர்யோ.

"கொட்டட்டும். நான் ஓடி வரமாட்டேன், பயப்படாத. டிசம்பர்ல ஒப்பந்தம் முடிச்சுட்டுத்தான் வருவேன். அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை என் முன்னாடி உக்காந்து சாப்பிடு. இனிமே பல்செட்டு கதை சொன்னா அதையும் புடுங்கிருவேன்."

சோலியும் மற்றவர்களும் அந்தக் கணினியை வாங்கவில்லை. ஒட்டுத்தாளைக் காட்டிக் கடைக்காரர் வெகுநேரம் வாதாடினாராம்.

அடுத்த ஞாயிறு தெர்யோ வலக்கையால் கஞ்சி சாப்பிட்டான். பாதி மார்பில் போயிற்று, ஒரு கரண்டி கணினிமேல் விழுந்தது. நான் துடைத்தபோது ஒட்டுத்தாளின் ஓரம் எழும்பியது.

"இது பொய்யின்னு தெரிஞ்சுபோச்சே, உரிச்சிரட்டுமா?"

"வேணாம் மனாங். அவ வாங்குனது."

வலது கட்டைவிரலை மெல்லக் கொண்டுவந்து, அந்த ஓரத்தை அவனே அழுத்திப் பிடித்தான். திரையில் மெதிங் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் அழுத்து" என்றாள்.