ஓரத்தில் நிற்க வேண்டியவர்

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தப் பெண்ணை நாங்கள் பம்பரம் என்றுதான் கூப்பிடுவோம், முகத்துக்கு நேராகவே. உட்கார்ந்தால் கால் ஆடும். கால் நின்றால் விரல் மேசையைத் தட்டும். லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி, வடத்தைத் தடவிப் பார்க்கும்போது மட்டும் அசையமாட்டார் என்பார் அவர் கணவர். "வீட்டுல ஒரு லிஃப்டை மாட்டி வச்சா நான் நிம்மதியா தூங்குவேன்."

நட்சத்திரம் பார்க்கும் எங்களிடம் தொலைநோக்கி இருந்தது, வேண்டிய ஊரில் மொட்டை மாடி இல்லை. சுற்றுவட்டார ஊர்களில் லிஃப்ட் உள்ள கட்டடங்களின் மாடிச் சாவிகள் அவரிடம் இருந்தன. அப்படித்தான் சேர்ந்தோம்.

எங்கள் வேலை இது. சூரியனை வெகுதொலைவில் சுற்றும் பாறை எந்தத் தொலைநோக்கிக்கும் வெறும் புள்ளிதான். அது ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனால் அந்த நட்சத்திரம் சில விநாடி அணையும். ஊருக்கு ஒருவராக நின்று, அணைந்த நேரத்தையும் மீண்ட நேரத்தையும் குறித்துச் சேர்த்தால் பாறையின் உருவம் கிடைக்கும். இரண்டு ஓரத்திலும் ஒருவர் நின்று, தனக்கு அணையவில்லை என்று சொல்லவும் வேண்டும். நிழல் எங்கே முடிகிறது என்று வேறெப்படித் தெரியும்?

வடக்கு ஓரம் எனக்கு. நடுவில் கணக்கு வாத்தியார். அவர் தொலைநோக்கியை நாலு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது. தெற்கு ஓரம் எப்போதும் பம்பரத்துக்கு.

"ஒண்ணும் நடக்கலைன்னு எத்தனை தரம்தான் எழுதிக் குடுக்கறது?" என்றார் அந்த முறை. "ஒரே ஒரு தரம் அணையறதைப் பார்த்துடணும் ஐயா."

"ஒண்ணும் நடக்கலைங்கறதும் கணக்குதாம்மா" என்றேன்.

"ஓரத்துல நிக்கறதுக்கும் ஒரு தகுதி வேணும்" என்றார் வாத்தியார்.

"அந்தத் தகுதியை நீங்க வச்சுக்குங்க சார். எனக்கு உங்க இடத்தைக் குடுங்க."

வாத்தியார் சிரித்து மழுப்பிவிட்டார்.

அன்று மாலை கணவனும் மனைவியும் தெற்கே ஒரு துணிக்கடை மாடியில் தொலைநோக்கியை நிறுத்தினார்கள். பிறகு நடந்ததைக் கணவர் என்னிடம் சொன்னார். இருட்டியதும் நட்சத்திரத்தைப் பிடித்தாயிற்று. காத்திருக்க வேண்டியதுதான் பாக்கி. பம்பரம் மாடியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்தார். திடீரென்று தொலைநோக்கியைக் கழற்ற ஆரம்பித்தார்.

"ஏம்மா, இப்பத்தானே மாட்டினே?"

"வண்டியை எடுங்க. வடக்கே சார் ஊருக்குப் போற வழியில நான் லிஃப்ட் பாக்கற கிடங்கு இருக்குல்ல, அதோட மாடிச் சாவி இருக்கு."

"ஐயா கேட்டா என்ன சொல்றது?"

"கேக்கும்போது பார்த்துக்கலாம்."

கிடங்கின் லிஃப்ட் ஓடவில்லை. அவரே வந்து பார்க்க வேண்டிய பழுதுதான். தொலைநோக்கியைத் தோளில் சுமந்து படியேறி, மூச்சிரைக்க நட்சத்திரத்தைத் தேடிப் பிடித்தார். நல்லவேளை, நேரம் இருந்தது.

சற்று நேரத்தில் என் தொலைபேசி அடித்தது. "ஐயா, அணைஞ்சுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெற்கு ஓரத்திலேயே அணைந்ததென்றால் நாங்கள் நினைத்ததைவிடப் பாறை எவ்வளவோ பெரியது. "துணிக்கடை மாடியிலயா?"

"இல்லை. கிடங்கு மாடி. இடம் மாறிட்டேன்."

மறைக்க நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். நின்ற இடத்தைத் துல்லியமாகச் சொன்னார், நேரத்தையும்.

அடுத்த வாரம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாறையின் படத்தை வரைந்தேன். நட்சத்திரம் அணைந்திருந்த நேரம் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. வாத்தியாரின் கோடும் பம்பரத்தின் கோடும் நடுவில் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. வடக்கே என் ஊர்வரை நிழல் வரவில்லை என்று அடைத்தாயிற்று. தெற்கே அடைக்க ஆளில்லை. இதே பாறை இவ்வளவு வெளிச்சமான ஒரு நட்சத்திரத்தை எங்கள் பக்கம் மறைக்க இன்னும் பல வருஷம் ஆகும். அன்றைக்கு நான் இருக்கமாட்டேன்.

"இந்தப் பக்கம்?" என்று தெற்கே விரலை வைத்தார் பம்பரம்.

"தெரியாதும்மா."

"தெரிஞ்சிருக்கும்" என்றார் வாத்தியார்.

மேசைக்கடியில் பம்பரத்தின் கால் வேகமாக ஆடிக்கொண்டிருந்தது. "தப்புதான் சார். அடுத்த தடவை என்னைச் சேர்த்துக்க வேணாம்னாலும் சரி" என்றார்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். கண்டிக்க வேண்டியவன் நான். இத்தனை வருஷத்தில் வடக்கு ஓரத்தில் எனக்கு ஒரு நட்சத்திரமும் அணைந்ததில்லை.

"எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டேன்.