வானத்தில் நூற்று முப்பது கிலோமீட்டர்

விமான நிலையத்துத் தீயணைப்பு வண்டிக்கு அவர்தான் ஓட்டுநர். கூட்டாளிகள் அவரைத் 'தண்ணி வண்டி' என்று கூப்பிட்டார்கள். சொட்டு மதுவைத் தொடாத மனுஷன் என்பதாலேயே அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

நாற்பத்தேழு வயதில் அவரை மலைக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு சின்ன விமான நிலையத்துக்கு மாற்றினார்கள். நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் மாற்றல் என்றால் குடும்பத்துக்கு வீடு கிடையாது, பயணத்துக்கென்று தனி விடுப்பும் கிடையாது. அந்த விதி வான்வழித் தூரத்தைத்தான் கணக்கெடுத்தது, அது நூற்று முப்பது. விமானம் முப்பத்தைந்து நிமிடத்தில் போய்விடும். சாலையோ மலையைச் சுற்றிக்கொண்டு போனது. இரண்டு பேருந்து மாறினால் ஒன்பது மணி நேரம். மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். வாடிக்கையும் மகளின் படிப்பும் பழைய ஊரிலேயே இருந்ததால் அவர் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் வருஷம் மனைவிக்குக் கர்ப்பப்பையில் ஆபரேஷன். நாலு நாள் விடுப்புக் கேட்டு அதிகாரி முன்னால் நின்றார்.

"நாலு நாளா? அரை மணி நேரத்துல போற ஊருய்யா அது."

"சார், பஸ்ல ஒம்பது மணி நேரம் ஆகுது. ரோடு மலையச் சுத்திப் போகுது."

அதிகாரி மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த வான்வழித் தூர அட்டவணையைத் தட்டினார். "இதுல ரோடு எங்கய்யா இருக்கு? ஒரு நாள் எடுத்துக்கோ. மறுநாள் காலையில வண்டியில நீ இருக்கணும்."

விமானத்தில் இடமில்லை. விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார். ஆபரேஷன் முடிந்திருந்தது, மயக்கம் தெளியவில்லை. ஊசி குத்தி வீங்கிய அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போக ஐந்து மணிப் பேருந்தை விட்டால் வேறு கதி இல்லை.

"அம்மா முழிச்சுக் கேட்டா என்னப்பா சொல்றது?" என்றாள் மகள்.

"வந்துட்டுப் போனேன்னு சொல்லும்மா."

ஒரு வாரம் கழித்துப் போனில் மனைவி சொன்னாள்: "வந்தீங்கன்னு பாப்பா சொன்னா. நான் பாக்கலையே."

அதற்கப்புறம் எப்போது வருவீர்கள் என்று அவள் கேட்பதை விட்டுவிட்டாள். சாலைத் தூரத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லி இவர் வருஷா வருஷம் மனுப் போட்டார். வருஷா வருஷம் அதே பதில். ஒரு பனிக்காலத்தில் விமானம் ரத்தாகி, அதிகாரியே ஜீப்பில் அந்தச் சாலையில் போக நேர்ந்தது. வழியெல்லாம் வாந்தி. "இதெல்லாம் ஒரு ரோடாய்யா!" என்று திரும்பி வந்து ஊரைக் கூட்டினார். இனிமேலாவது விதி மாறும் என்று எல்லோரும் நம்பினார்கள். அதிகாரி பனிக்காலத்தில் பயணம் போவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்று வீடு திரும்பியபோது முன்னறையில் மூன்று தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மகள் கல்யாணமாகிப் போயிருந்தாள். மனைவி அவருக்குச் சமையலறையை ஒட்டி ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தாள். சாப்பாடு நேரத்துக்கு வந்தது. பேச்சுத்தான் வரவில்லை.

ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் சொன்னார். "அன்னிக்கு ரெண்டு மணி நேரம் உன் கையப் புடிச்சிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்."

அவள் மெஷினை நிறுத்தவில்லை. "நர்ஸும்தான் புடிச்சிக்கிட்டிருந்தா. அவ நான் முழிக்கிறப்பவும் இருந்தா."

அவர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இப்போது சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறார். அவள் வேண்டாம் என்று சொல்வதில்லை. நன்றாயிருக்கிறது என்றும் சொன்னதில்லை.