கலுங்கில் நான் அடுக்கிய மூட்டைகள்

சவூதியில் பத்தொன்பது வருடம் நான் பார்த்த வேலை, சாலையோர மரங்களுக்குத் தண்ணீர் விடுவது. அந்த மணலில் வேம்பைப் பிழைக்க வைத்தவனுக்குச் சொந்த மண்ணில் எதையும் வளர்த்துவிடலாம் என்ற நினைப்பு இருந்தது. உச்சிப்புளிப் பக்கம் ஊர் திரும்பியதும் எங்கள் கண்மாய்க்கரையில்தான் முதலில் கை வைத்தேன்.

கருவை முள் மண்டிக் கிடந்த மண்கரை அது. எங்கள் ஜமாஅத்தாரும் பக்கத்து விவசாயக் கிராமத்தாரும் சேர்ந்து சுத்தம் செய்தோம். கரைமேல் நடைபாதையும் பெஞ்சுகளும் வந்தன. இரண்டு பக்கச் சரிவிலும் குழி எடுத்து, புங்கையும் வாகையும் நான் நட்டேன். ஆறு வருடத்தில் நல்ல நிழல் கட்டியது. சர்க்கரை உள்ளவர்கள் காலையில் நடந்தார்கள், சாயங்காலம் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்தார்கள். பிறகு இரண்டு மிதிபடகும் வாங்கி விட்டோம். நடக்கிற தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு கண்மாயில் எதற்குப் படகு என்று என் மனைவி கேட்டாள். முதல் நாள் ஏறி இரண்டு சுற்று சுற்றியவளும் அவள்தான்.

படகு மிதக்க ஆழம் வேண்டும். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கலுங்கு என்று ஒரு கல்கட்டு உண்டு. அதன்மேல் இரண்டு வரிசை மணல்மூட்டை அடுக்கினேன். தண்ணீர் ஒரு முழம் கூடுதலாக நின்றது. எங்கள் பக்கத்தில் கூடுதல் தண்ணீரை யார் வேண்டாம் என்பார்கள்? எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. மழை ஓய்ந்து மூன்றாம் நாள் காலை, கரைக்குக் கீழே வயல் வைத்திருக்கும் ஒரு பெண் என் வீட்டு வாசலுக்கு வந்தார். வயலோடு நாலைந்து ஆடும் வளர்ப்பவர்.

"அண்ணே, கரைக்கு வெளிப்பக்கம் ஆட்டுக்காலு புதையுது. ஒரு எட்டு வந்து பாருங்க."

"மழை பெஞ்சா ஈரம் இருக்கத்தானம்மா செய்யும்."

"மத்த இடமெல்லாம் காஞ்சிருச்சு. அங்கன மட்டும் ஊறுது. நேத்து தெளிஞ்ச தண்ணியா வந்துச்சு, இன்னைக்குக் கலங்கி வருது."

சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றேன். அவர் போகவில்லை, வாசலிலேயே நின்றார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. தட்டை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நான் நட்டதிலேயே பெரிய வாகைக்கு நேர் கீழே, கரையின் அடியில், உலை கொதிப்பதுபோல் தண்ணீர் குமிழியிட்டு வந்துகொண்டிருந்தது. சுற்றிலும் வண்டல் வளையமாகக் கிடந்தது. களிமண்ணை அள்ளி ஓட்டையில் திணித்தேன். ஒரு முழம் தள்ளி வேறு இடத்தில் பீறிட்டது. இது என் கைக்கு அடங்காது என்று அப்போதுதான் புரிந்தது.

ராமநாதபுரத்தில் கண்மாய்களைக் கவனிக்கும் பொறியாளரைப் போனில் பிடித்தேன். புதிதாக மாற்றலாகி வந்திருந்த பெண்.

"அடைக்காதீங்க பாய். அடைச்சா வேற பக்கம் பிச்சுக்கும். கலுங்குல தண்ணி போகுதா?"

"போகல மேடம். மூட்டை அடுக்கியிருக்கு."

"யாரு அடுக்குனது?"

"நான்தான்."

"சரி. முதல்ல அதை எடுங்க, ஒவ்வொரு வரிசையா. தண்ணி மட்டம் இறங்குனாத்தான் கரைமேல அழுத்தம் குறையும். கீழ இருக்குற வீட்டாளுங்களை வெளியேத்துங்க. மணலும் ஜல்லியும் கொண்டாரச் சொல்லுங்க. நான் வாரேன்."

கரைக்குக் கீழே இருந்த வீட்டுக்காரர்களை ஜமாஅத்தார் மதரஸாவுக்கு அழைத்துப் போனார்கள். என் மனைவி அங்கே போய் எல்லோருக்குமாக உலை வைத்தாள். கலுங்கில் மூட்டையைத் தொடும்போதுதான் கவனித்தேன், தண்ணீர் பாயப்போகிற வழியில் அந்த ஆட்டுக்காரப் பெண்ணின் நெற்பயிர் நின்றது. அவரைப் பார்த்தேன்.

"என்ன பாக்குறீங்க? எடுங்கண்ணே," என்று அவரே குனிந்து ஒரு மூட்டையை இழுத்தார்.

பொறியாளர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, சேற்றில் நேராக நடந்து போனார். ஊற்றின்மேல் மணலையும், அதன்மேல் பொடி ஜல்லியையும், அதற்கும் மேல் பெரிய ஜல்லியையும் போடச் சொன்னார். "தண்ணி வரட்டும். மண்ணு வரக்கூடாது, அவ்வளவுதான்." அரைமணிக்கு ஒருமுறை ஒரு தண்ணீர் பாட்டிலில் கசிவைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டு ஊர்க்காரர்களும் சட்டி சட்டியாகச் சுமந்தோம். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் பாட்டிலில் தண்ணீர் தெளிந்திருந்தது. என்னிடம் காட்டினார்.

கிளம்பும்போது மரங்களைப் பார்த்தார். "இதெல்லாம் போகணும் பாய். வேர் கரைக்குள்ள வழி பண்ணிரும். சும்மா வெட்டி விட்டாலும் ஆகாது. வேர் மக்கி உள்ள குழாய் மாதிரி ஆயிரும். தண்ணி வத்துனதும் தோண்டி எடுத்து, களிமண் போட்டு இடிச்சுக் கெட்டியாக்கணும்."

பங்குனியில் அதை நானே செய்தேன். வாகையின் வேர் ஒன்று கைப் பருமனில் கரையின் வயிற்றுக்குள் போயிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் ஆடுகளோடு அந்தப் பக்கம் வந்தார்.

"உங்க பயிரைக் கெடுத்துட்டேன்," என்றேன்.

"மறுபடி விதைச்சேன். ஓரளவு வந்துச்சு," என்றார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தார். என்னைக் குற்றம் சொல்ல ஊரில் எல்லோருக்கும் உரிமை இருந்தது. யாரும் சொல்லாததை இன்றுவரை பெரிய கொடையாகத்தான் நினைக்கிறேன்.

இப்போது சரிவில் அருகம்புல் மட்டும் இருக்கிறது. நடப்பவர்கள் வெயில் என்று குறைப்படுகிறார்கள், நியாயம்தான். மரங்களைக் கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, பள்ளிவாசல் பக்கம் புதிதாக வைத்திருக்கிறேன். வாரம் ஒருநாள் கரையின் அடியை ஒட்டியே நடந்து பார்க்கிறேன்.

இந்த மழைக்குக் கலுங்கு நான்கு நாள் வழிந்தது. ஓடுதண்ணீரில் இரண்டு ஊர்ப் பெண்களும் சேலை விரித்துக் கெண்டை பிடித்தார்கள், என் மனைவியும் ஒரு சட்டி கொண்டுவந்தாள். அன்று தொழுதுவிட்டுக் கையேந்தியபோது, அந்த ஆட்டுக்காரப் பெண்ணையும் பொறியாளரையும் பெயர் சொல்லிக் கேட்டேன், அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று.