நம்ம டம்ளரில் வந்தால் நமக்கு

கூடப்பிறந்தவளே ஊர் பார்க்கத் தம்பி பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டால் யாருக்குத்தான் ஆறும்? பினாயில்காரருக்கு வருஷக்கணக்காய் ஆறவில்லை.

மூன்று சக்கர வண்டியில் கேன்களை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாய்ப் போகிறவர் அவர். பச்சை நிறப் பினாயில், ஆசிட், ப்ளீச்சிங் தண்ணீர். காலி பாட்டிலை நீட்டினால் குழாயைத் திருகி நிரப்பிக் கொடுப்பார். ஒருநாள் ஒரு அம்மாள் ஜூஸ் பாட்டிலை நீட்ட, இவரும் ஊற்ற, அக்கா ஓடி வந்து அதைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டாள்.

“குடிக்கிற பாட்டில்ல இதை ஊத்துறியே, நீயெல்லாம் பிள்ளை பெத்தவனா?”

“அவங்க எதுல வாங்கினா எனக்கென்ன? நான் யார் வாயிலயாவது ஊத்தினேனா?”

அன்றோடு அந்தத் தெருவில் வியாபாரம் படுத்தது. அக்காவோடு பேச்சும் நின்றது.

அக்கா, வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்பவள். முன்னறைதான் காப்பகம். தன் வீட்டு ஆசிட், மருந்து எல்லாவற்றையும் பரணில் வைத்துப் பூட்டியிருந்தாள். ஆனால் சாயங்காலம் பிள்ளைகள் திரும்பிப்போகும் வீடுகளில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் என்ன இருக்கிறதோ, யார் கண்டது? எழுத்துத் தெரியாத வயசு. பினாயில் ஜூஸ் மாதிரி, மண்ணெண்ணெய் தண்ணீர் மாதிரி, மாத்திரை மிட்டாய் மாதிரி. மண்டையோட்டுப் படத்தைக் காட்டினால், “பல்லிளிக்கிற மாமா” என்று சிரித்தன. அதனால் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆளுக்கொரு டம்ளர், ஒன்றில் யானை, ஒன்றில் பூ, ஒன்றில் மீன் என்று பெயிண்டில் வரைந்து வைத்தாள். “நம்ம டம்ளர்ல வந்தா நமக்கு. வராதது நமக்கில்ல.” பிள்ளைகளைக் கையைப் பின்னால் கட்டச்சொல்லி இதைத் தினமும் சொல்லவைப்பாள்.

இப்போது முட்டி இரண்டும் மக்கர் பண்ணுகின்றன. மாதக் கடைசியோடு காப்பகத்தை வேறொருத்தி கையில் விடப்போகிறாள். தான் இல்லாத இடத்தில் பாடம் நிற்குமா என்பதே அவளுக்குக் கவலை. தம்பிக்கு ஆள் விட்டாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடுமே, இவரும் முறைத்துக்கொண்டே வந்து நின்றார்.

“வந்துட்டாரா துரை? கடையில பச்சை ஜூஸ் ஒண்ணு வாங்கிட்டு வா. என் எதிர்லயே திற, அப்புறம் உள்ளே போய்ப் பிள்ளைங்ககிட்ட நீட்டு. நான் ஜன்னலுக்குப் பின்னால நிக்கறேன். வாங்குதுங்களான்னு பார்க்கணும்.”

“இதுக்கு நான்தான் அகப்பட்டேனா?”

“பச்சைக் கலர் தண்ணி, பாட்டில்னாலே உன் மூஞ்சிதானேடா ஞாபகம் வருது.”

ஜூஸை வாங்கிவந்து அவள் எதிரில் திறந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார். “வாங்க கண்ணுகளா, ஆளுக்கு ஒரு வாய்.”

அத்தனை கையும் முதுகுக்குப் பின்னால் போனது. குண்டுப் பயல் ஒருவன் எச்சிலை விழுங்கினான், நகரவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் அக்காவின் வளையல் குலுங்கியது.

அப்போது எல்லாரும் வாயாடி என்று கூப்பிடும் பெண் குழந்தை அலமாரிக்குப் போய், தன் மீன் டம்ளரை எடுத்துவந்து நீட்டியது.

“இதுல ஊத்துங்க மாமா. அப்ப நமக்கு.”

பாத்திரத்தை நீட்டினால் ஊற்றிப் பழகிய கை. யோசிக்காமல் ஊற்றிவிட்டது. வாயாடி மடமடவென்று குடித்துவிட்டுப் பச்சை மீசையோடு சிரித்தாள். அடுத்த நிமிஷம் யானையும் பூவும் டம்ளரும் கையுமாய் வரிசையில் நின்றன.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சத்தம் போடுவாள் என்று காத்திருந்தார். அவள் தரையில் உட்கார்ந்து குழந்தையின் உதட்டைத் துடைத்துவிட்டாள்.

“ஜூஸ்தானேக்கா. விடு.”

“இன்னிக்கு ஜூஸ்.” குழந்தை கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். “சொன்னபடிதான்டா செஞ்சிருக்கு குழந்தை. நான் சொல்லிக்குடுத்ததுலதான் ஓட்டை.”

அவர் இதுவரை எத்தனை ஜூஸ் பாட்டில்களை நிரப்பியிருப்பார், அவை எந்தெந்த வீட்டில் எந்த மூலையில் நிற்கின்றனவோ. மூடியைத் தேடி எடுத்து இறுக்கினார்.

“ஊத்துறது யாருன்னு பார்க்கவும் சொல்லித் தரணும்” என்றாள் அக்கா. “நான் சொன்னா பத்தோட பதினொண்ணு. நாளைக்குச் சாயங்காலம், பெத்தவங்க கூட்டிட்டுப் போற நேரமா வா. வண்டியோட வா. வாசல்ல நின்னு, எல்லார் காதுலயும் விழற மாதிரி உன் வாயால சொல்லு, ‘இந்த மாமா எதுல ஊத்தினாலும் குடிக்காதீங்க’ன்னு.”